குற்றவாளியான எம்.பி.க்கு ஓய்வூதியம்: தோட்டத் தொழிலாளிக்கு இருக்கும் சட்டத்தையே வைத்துப் பார்ப்போம்

இலங்கையின் மலையகத்தில் எம்.பி.மாரின் ஓய்வூதியம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அவங்களுக்கு எதுக்கு பென்ஷன்? எல்லாருக்கும் நிப்பாட்டணும்." இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஊழலில் மாட்டிக் குற்றவாளியான ஒருவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

1977ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஐந்து வருடம் இருந்தவருக்கு ஓய்வூதியம் தந்தது. குறைந்த பங்கே எம்.பி.யின் மாதப் படியில் மூன்றில் ஒன்று, அதுவும் ஆயுள் முழுக்க. தோட்டத் தொழிலாளிக்கும் ஐந்து வருடக் கணக்கு ஒன்று உண்டு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 2024 வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவில் கணக்குப் போட்டால் ஐந்து வருடத்துக்கு 94,500 ரூபா. ஒரே ஒரு தடவைதான். அதற்கு மேல் ஈ.பீ.எஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி: தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தோட்டத்திடமிருந்து 12. அந்தக் காசை எடுக்கப் போனால் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில், ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று படிவம் திரும்பி வரும். பிறகு கிராம சேவகரிடம் கடிதம், சத்தியக் கடதாசி, மறுபடியும் பஸ். நாற்பது வருடம் வெயிலிலும் மழையிலும் கூடை சுமந்தவர், தான் யார் என்பதையே நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. எம்.பி. பென்ஷன் என்றதும் மலையகத்தில் குரல் உயர்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

குற்றவாளியானாலும் ஓய்வூதியத்தை விட்டுவிட வேண்டும் என்பவர்களின் வாதம், அது உழைத்துச் சம்பாதித்த உரிமை, குடும்பம் என்ன பாவம் செய்தது என்பது. குடும்பத்தைப் பற்றிச் சொல்வதை நான் ஏற்கிறேன், அதைப் பிறகு பார்ப்போம். முதல் பாதி நிற்காது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒழுக்காற்று விசாரணைக்குப் பிறகு சேவையிலிருந்து நீக்கப்பட்டால் ஓய்வூதியமும் அதோடு போய்விடும். நீதிமன்றத் தீர்ப்புகூடத் தேவையில்லை. எழுதுவினைஞருக்கும் அதே கதிதான். அவர்களுக்கெல்லாம் பொருந்தும் நியாயம், அவர்களுக்கு மேலே உட்கார்ந்து சட்டம் செய்பவருக்கு மட்டும் ஏன் பொருந்தக் கூடாது?

அடுத்தது, எல்லோருக்கும் நிறுத்துவது. தேசிய மக்கள் சக்தி 2024இல் மக்களிடம் வைத்த வாக்குறுதி இது. முன்னாள் ஜனாதிபதிகளின் வீடு, வாகனம் போன்ற சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டெம்பரில் 151 வாக்குகளால் நிறைவேறியது. அவர்களது ஓய்வூதியம் அரசியலமைப்பில் இருப்பதால் அது மட்டும் தப்பியது. எல்லோருக்கும் நிறுத்தினால் செலவு குறையும், சட்டமும் சிக்கலில்லாமல் இருக்கும். ஆனால் கை சுத்தமாக இருந்தவரும் கோடிக்கணக்கில் தின்றவரும் ஒரே அளவைத்தான் இழப்பார்கள். களவெடுத்தவருக்கு அதில் வலியே இருக்காது, அவர் வேறு வழியில் சேர்த்து வைத்திருப்பார். வலிப்பது நேர்மையாக இருந்தவருக்கு, அதிலும் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்தவருக்கு. சட்டத்தரணி எம்.பி. தோற்றால் கோர்ட்டுக்குத் திரும்புவார், முதலாளி கடைக்குத் திரும்புவார். தோட்டத்துப் பிள்ளை எங்கே திரும்புவார்? ஆகவே எல்லோருக்கும் நிறுத்துவது செலவைக் குறைக்கும் ஏற்பாடாக இருக்கலாம், தண்டனையாக இருக்க முடியாது.

யார் தகுதியிழந்தவர் என்பதைப் பாராளுமன்றமே வாக்கெடுத்து முடிவு செய்யலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. இதற்கு மலையகத்தான் எவனும் தலையாட்டக் கூடாது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அதே பாராளுமன்றம் 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளைப் பறித்ததும் பெரும்பான்மை வாக்கெடுப்புதான். கை தூக்கி உரிமை பறிக்கும் வேலையைப் பாராளுமன்றத்திடம் கொடுத்தால் அது முதலில் எவர் தலையில் விடியும் என்பது நமக்குத் தெரியும். இந்தியாவின் இமாச்சலப் பிரதேசம் 2024இல் கட்சி தாவித் தகுதியிழந்த எம்.எல்.ஏ.க்களின் ஓய்வூதியத்தை வெட்ட மசோதா நிறைவேற்றியது. நம்மூர்க் கட்சித் தாவல்களைப் பார்த்தவர்களுக்கு அது இனிக்கும். ஆனால் தாவுவது துரோகமாக இருந்தாலும் களவு அல்ல. அதற்குரிய தண்டனையை வாக்குச்சீட்டில் கொடுக்கலாம்.

ஆக, மிஞ்சுவது நீதிமன்றத் தீர்ப்பு. அதிலும் எந்தக் குற்றத்துக்கு என்று வரையறுப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. எந்தத் தண்டனையானாலும் பறிக்கலாம் என்றால் எம்.பி.யாக இருந்த ரஞ்சன் ராமநாயக்கவை நினைத்துப் பாருங்கள். நீதிபதிகளைப் பற்றிப் பேசியதற்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று 2021இல் நான்கு வருடக் கடூழியச் சிறை, ஆசனமும் போனது. பொதுப் பணத்தில் ஒரு சதம்கூட அந்த வழக்கில் இல்லை. மறுபக்கம், அமெரிக்கா 2007இல் பதவியோடு தொடர்புடைய சில குற்றங்களை மட்டும் பட்டியலிட்டு ஓய்வூதியத்தைப் பறிக்கும் சட்டம் செய்தது. அதற்குக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான, இலஞ்சம் வாங்கிய காங்கிரஸ் (அமெரிக்கப் பாராளுமன்ற) உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாமை அது தொடவில்லை, அவர் குற்றம் அதற்கு முந்தியது. முன்னாள் சபாநாயகர் டெனிஸ் ஹாஸ்டர்ட் 2016இல் சிறை போனபோதும் காங்கிரஸ் ஓய்வூதியம் தொடர்ந்தது, அவர் செய்த குற்றம் பட்டியலில் இல்லை.

பட்டியலை நீட்டுவதா குறுக்குவதா என்று மண்டையை உடைப்பதை விட, நம் கையிலேயே இருக்கும் ஒரு வழியைப் பார்க்கலாம். அதே 1983 பணிக்கொடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் செய்தல், பொருள் இழப்பு ஏற்படுத்துதல் ஆகியவற்றுக்காக வேலை நீக்கப்பட்ட தொழிலாளி, தான் ஏற்படுத்திய நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழக்கிறார். முழுவதையும் அல்ல, நட்டம் எவ்வளவோ அவ்வளவு. தோட்டத்துக்குப் பத்தாயிரம் ரூபா நட்டம் வைத்தவர் பத்தாயிரத்தை இழப்பார். எனக்குத் தெரிந்து இதை விட நேரான விதி இல்லை.

இதை எம்.பி.க்கு வைத்துப் பாருங்கள். கண்டி மாவட்டத்தின் முன்னாள் அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகேவுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2025 மே மாதம் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தது. 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் அரசின் விற்பனை நிறுவனமான லங்கா சதொச ஊடாக 14,000 கரம் போர்டும் 11,000 டாம் போர்டும் இறக்கி அரசுக்கு 5 கோடி 31 இலட்சம் ரூபா நட்டம் ஏற்படுத்திய வழக்கு அது. நட்டத்தை ஓய்வூதியத்திலிருந்து கழிப்பது என்றால், அவ்வளவு பெரிய தொகைக்கு ஆயுள் முழுக்க வரும் ஓய்வூதியமும் போதாது. சில இலட்சம் மோசடி செய்தவருக்கு அந்த அளவு கழிந்ததும் மிச்சம் தொடரும். ரஞ்சனின் வழக்கில் நட்டம் இல்லை, ஆகவே வெட்டும் இல்லை. இலஞ்ச வழக்கில் வாங்கிய தொகையையே நட்டமாகக் கணக்கெடுக்கலாம். எது பட்டியலில் வரும் என்ற சண்டையே தேவையில்லை, தீர்ப்பிலேயே தொகை இருக்கும்.

மேன்முறையீடு நடக்கும் காலத்துக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். முதல் தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓய்வூதியத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். விடுதலையானால் நிலுவை ஒரு சதம் குறையாமல் கொடுக்கப்பட வேண்டும். குடும்பத்தைப் பொறுத்தவரை, குற்றத்தில் பங்கில்லாத மனைவிக்கோ கணவனுக்கோ எம்.பி.யின் மறைவுக்குப் பிறகு போகும் பங்கைத் தொடக் கூடாது. அந்தப் பணத்தை நம்பி வீட்டில் இருந்தவர் கரம் போர்டு ஓடரில் கையெழுத்துப் போட்டவர் அல்ல.