முதல் கன்டெய்னராக ஆட்டோஃபேக்

மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் நான் எழுதிய ஆர்டர் வகுப்பு (கிளாஸ்), மின்னஞ்சல், தரவுத்தளம், நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாகர் மூன்றையும் தானே ‘நியூ’ போட்டு உருவாக்கிக்கொண்டிருந்தது. சோதனையை ஓட்டினால் நிஜ மின்னஞ்சலே போய்விடும். வகுப்புகளுக்குத் தேவையான பொருள்களை உருவாக்கிக் கொடுக்கும் ‘கன்டெய்னர்’ நூலகமான ஆட்டோஃபேக்குக்கு மாறியபோது, மூன்றையும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி கன்ஸ்ட்ரக்டருக்கு (பொருள் உருவாகும்போது ஓடும் பகுதி) நகர்த்தினேன். எந்த இன்டர்ஃபேஸுக்கு (என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் வரையறை) எந்த வகுப்பு என்று ஆட்டோஃபேக்கின் கன்டெய்னர்பில்டரில் ஒருமுறை பதிந்தால் போதும். மீதிச் சங்கிலியை அதுவே கோத்துத் தருகிறது. அருமையான கருவி!

உருவாகும் பொருள்களின் ஆயுட்காலத்தில்தான் கவனம் தேவை. எதுவும் குறிப்பிடாவிட்டால், கேட்கும்போதெல்லாம் புதிய பொருள் கிடைக்கும். நான் ஒரு வகுப்பை ‘சிங்கிள்இன்ஸ்டன்ஸ்’, அதாவது எல்லோருக்கும் ஒரே பொருள், என்று பதிந்தேன். அதன் கையில் சிக்கிய தரவுத்தள இணைப்பு, நிரல் நிற்கும்வரை விடுபடவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கன்டெய்னரிடம் பொருளைக் கேட்கும் ‘ரிசால்வ்’ அழைப்பை, நிரல் தொடங்கும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், உள்ளே பரவ விடாதீர்கள். நான்கைந்து வகுப்புகள் மட்டும் உள்ள நிரல் என்றால் கையாலேயே கோத்துவிடலாம்.