‘கெட்’ என்ற வினையை வைத்து லாங்மன் அகராதியைப் பார்த்தால்

ஓர் ஆங்கில அகராதியின் தரத்தை அறிய அரிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. ‘கெட்’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். கடிதம் வருவது, பால் வாங்குவது, சளி பிடிப்பது, களைத்துப்போவது, ஊர் போய்ச் சேர்வது, சொன்னது புரிவது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினைதான். கையடக்க ஆங்கில–தமிழ் அகராதிகள் பெரும்பாலும் ‘பெறு, அடை’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அதை மட்டும் நம்பினால் ‘கெட் டயர்ட்’ என்பது ‘களைப்பைப் பெறு’ என்றாகிவிடும்.

1978-இல் முதல் பதிப்பு கண்ட ‘லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ்’ இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. இணையத்தில் இலவசம். விளக்கங்களை ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதியிருப்பதால், ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப்போய் இன்னொரு சொல்லில் மாட்டிக்கொள்ளும் தொல்லை குறைவு. ‘கெட்’ பக்கம் மிக நீளமானது. ஆனால் ஒவ்வொரு பொருளின் தலையிலும் ‘ரிசீவ்’, ‘பை’, ‘இல்னஸ்’, ‘பிகம்’, ‘மூவ்’ என்று ஒரு கைகாட்டிச் சொல் இருக்கிறது. முதலில் கைகாட்டிகளை மட்டும் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நின்று எடுத்துக்காட்டுகளைப் படியுங்கள். வரிசையாகப் படித்தால் பாதியிலேயே அலுத்துவிடும்.

இலக்கணக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். ‘ரிசீவ்’ என்ற பொருளில் இந்த வினைக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை என்பது அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்தவர் ‘எ லெட்டர் வாஸ் காட் பை மீ’ என்று எழுத மாட்டார். ‘பிகம்’ பொருளில் அது இணைப்பு வினை, அதாவது எழுவாயை அதன் நிலையைச் சொல்லும் சொல்லோடு இணைக்கும் வினை. அதன் பின்னால் பெயரடையான ‘ஆங்ரி’ வரும், பெயர்ச்சொல்லான ‘ஆங்கர்’ வராது.

நமக்கு மிகவும் பயன்படுவது, பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்துகொள்ளும் பொருள். தமிழில் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றால் கத்தரி பிடித்தவர் முடிதிருத்துபவர் என்பது சொல்லாமலே விளங்கும். அதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்று மாற்றினால், நீங்களே கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்டதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. ‘கெட்’, பிறகு செயப்படுபொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம்: இந்த வரிசை மாறக் கூடாது. செய்யும் ஆளைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘கெட் ஹிம் டு ரிப்பேர் இட்’. ‘மேக் ஹிம்’, ‘லெட் ஹிம்’ ஆகியவற்றுக்குப் பின் ‘டு’ இல்லாததால், பழக்கதோஷத்தில் பலர் இங்கும் அதை விட்டுவிடுகிறார்கள். ‘ஹோம்’ விஷயத்தில் நேர்மாறான பிழை: ‘கெட் டு த ஸ்டேஷன்’ சரி, ஆனால் ‘கெட் டு ஹோம்’ தவறு, ‘கெட் ஹோம்’ போதும்.

ஒலிப்பு வசதி அருமை. சிவப்பு ஒலிபெருக்கி பிரிட்டிஷ் உச்சரிப்பு, நீலம் அமெரிக்க உச்சரிப்பு. எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் கேட்கலாம்.

குறைகளும் உண்டு. கைபேசியில் விரல் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கிறது. ‘கெட் ஓவர்’, ‘கெட் அலாங்’ போன்ற கூட்டு வினைகள் தனியே கிடக்கின்றன. முதற்பகுதியில் தேடி ஏமாந்து திரும்புபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். உலகம் முழுவதற்குமான அகராதி என்பதால் தமிழ் பேசுவோர் வழக்கமாக இடறும் இடங்களுக்குத் தனி எச்சரிக்கை கிடையாது. ‘இறங்கு’ என்பதை நினைத்துப் பேருந்துக்கு ‘கெட் டவுன்’ என்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேருந்து, ரயிலுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. இதை ஒரு தாளில் எழுதி அகராதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.