கண் கிரீம் டியூப்: உருளும் குண்டா, உலோக முனையா?

கண்ணைச் சுற்றி மசாஜ் செய்ய, டியூபின் வாயில் சுழலும் சிறு குண்டு வைப்பதா, துளையுள்ள அசையாத உலோக முனை வைப்பதா? மசாஜ் செய்யும் டியூப் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் குழம்புகிறார்கள்.

குளிர்ச்சி: இரண்டிலும் உண்டு. ஸ்டீல் குண்டோ, துத்தநாகக் கலவை முனையோ, உலோகம் தோலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும்.

விலை: குண்டு மலிவு. முனைக்கு வார்ப்பு, முலாம் என்று செலவு ஏறும்.

பதம்: முடிவே இங்கேதான். குண்டு சுழன்றால்தான் திரவம் வெளியே வரும். நீர்த்த சீரம் என்றால் சரி. கெட்டிக் கிரீம் இடுக்கில் காய்ந்து குண்டையே பிடித்துக்கொள்ளும். முனையில் துளை வழியாகப் பிதுக்குவதால் அந்தத் தொல்லை குறைவு.

சுத்தம்: தோலைத் தொட்ட குண்டு அதே அழுக்கோடு உள்ளே திரும்பும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. முனையைத் துடைத்துவிடலாம், முலாம் மட்டமானால் உரியும், அவ்வளவுதான்.

குறைந்த விலைச் சீரத்துக்குக் குண்டு போதும். கிரீமுக்கு முனைதான்.