பனங்கையைத் துளைக்கும் மின்கல ட்ரில்: மக்கிட்டா டிஹெச்பி 484

திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மின்வாரிய இணைப்பு இன்னும் எட்டாத எங்கள் தோட்டத்தில், பனங்கை (பனைமரத்தில் செதுக்கிய கூரைச் சட்டம்) பாவி ஓடு வேயும் சிறு வீடு ஒன்றைக் கட்டி வருகிறோம். எல்லா வேலைகளும் கூரைச் சூரியத் தகடுகளையும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றையும் நம்பியே நடக்கின்றன.

முதலில் வாங்கியது, பெட்டியின் மேல் '48 வோல்ட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்த மலிவான ட்ரில். இரண்டாம் வாரமே அது சூடேறி நின்றுவிட்டது. அதன் பேட்டரியைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஐந்து செல்களே தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட் என்பதால் ஐந்தும் சேர்ந்து 18 வோல்ட்தான். முழுதாக ஏற்றியதும் ஏறக்குறைய 21 வோல்ட் காட்டும். '18 வோல்ட்', '20 வோல்ட்' என்று விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஐந்து செல் அமைப்பையே கொண்டிருப்பதால், அந்த எண்ணைப் பார்த்து மட்டும் எதையும் முடிவு செய்யக் கூடாது.

அதன்பின் வாங்கிய 18 வோல்ட் மக்கிட்டா டிஹெச்பி 484, தேயும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும் 54 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் உடையது. அதன் தரத்தை உணர்த்தியது பனங்கைதான். உள்ளிருக்கும் மென்மையான சோற்றை நீக்கிச் செதுக்கிய பனங்கையில் மிஞ்சுவதெல்லாம் கருநார்கள் நெருங்கிய வைரம். வேகமாகத் துளைத்தால் நார் பிட்டில் சுற்றிப் புகைகிறது. எங்கள் ஆசாரி சொன்னபடி, நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் போகாத முதல் கியரில் 4 மி.மீ. பிட்டால் வழி திறந்து, அடிக்கடி பின்னுக்கு இழுத்து நாரை உதறிவிட்டு, பிறகு 10 மி.மீ. பிட்டைச் செலுத்தினோம், மோட்டார் ஒருமுறையும் திணறவில்லை. பெரிய பிட் சிக்கினால் மணிக்கட்டையே திருப்பிவிடும் என்பதால் கருவியை இறுகப் பிடிக்காமல் வேலையில் இறங்க வேண்டாம்.

ஆனால் இணைப்பில்லாத இடத்தில் ட்ரில்லைவிடச் சார்ஜரைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ட்ரில்லின் 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி 90 வாட் மணி ஆற்றலைக் கொள்கிறது. இன்வெர்ட்டரிலும் சார்ஜரிலும் வீணாவதையும் சேர்த்து 120 என்று கணக்கிட்டுக்கொள்கிறேன். எங்கள் பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் நாளுக்கு 900 வாட் மணிதான் கையில் இருக்கிறது. விளக்கும் தண்ணீர் மோட்டாரும் போக மூன்று முறை சார்ஜ் செய்வதே நிதானம். மக்கிட்டாவின் டிசி 18 ஆர்சி சார்ஜர் 45 நிமிடத்தில் நிரப்பிவிடும் என்றாலும் 240 வாட் இழுக்கிறது; ஆகவே வீட்டு மின்சாரம் போலச் சீரான அலையைத் தரும் தூய சைன் அலை இன்வெர்ட்டரில் இணைத்து, வெயில் உறைக்கும் காலை பத்து முதல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம். பேட்டரியை மட்டும் அந்த வெயிலில் வைக்கக் கூடாது. சித்திரை மாதத்தில் தகரத்தின் மேல் கிடந்த பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுத்து, ஆறும் வரை காத்திருக்க வைத்தது.

ட்ரில் சுழன்றுகொண்டே தட்டித் துளைக்கும் சுத்தியல் முறையை ஹாலோ பிளாக்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அடித்தளக் கருங்கல்லில் அது பிட்டை மழுக்குவதோடு பேட்டரியையும் வீணாகக் கரைக்கிறது. அந்த வேலைக்கு, இதே பேட்டரியில் ஓடும் டிஹெச்ஆர் 242 ரோட்டரி ஹேமரை (வலுவாக இடித்துத் துளைக்கும் கருவியை) அடுத்து வாங்கவிருக்கிறோம்.