கண்ணைக் கட்டிக் காட்டில் விடும் கேம்கள்: மாரோவிண்ட், எல்டன் ரிங், அவுட்வர்ட்

ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி (பரந்த உலகில் இஷ்டம்போல் சுற்றி, ஒரு பாத்திரமாக வாழும் வகை) கேம் ஒன்றைப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால், இரண்டு பதில்கள் சேர்ந்தே வரும். "ரொம்பக் கஷ்டம்", "எங்கே போறதுன்னே தெரியல." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரு பாஸ், அதாவது வலுவான பெரிய எதிரி, உங்களை இருபது தடவை கொல்வது ஒரு பிரச்சினை. முச்சந்தியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் விழிப்பது வேறு பிரச்சினை. முதலாவது பிடித்தவருக்கு இரண்டாவது பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரியாமல் வாங்கினால் காசும் நேரமும் வீண்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்போம். அதில் காடு வேறு, கண்கட்டு வேறு. காடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, கண் திறந்திருந்தால் சுற்றுவது சுகம்தான். ஆகவே மாரோவிண்ட், எல்டன் ரிங், அவுட்வர்ட் மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: போக வேண்டிய இடத்தைத் திரையில் காட்டும் அம்புக்குறியை எடுத்துவிட்ட இந்த கேம்கள் அதற்குப் பதிலாக நம் கையில் என்ன கொடுக்கின்றன?

2002-இல் வந்த மாரோவிண்டில் மார்க்கர் (அந்த அம்புக்குறி) என்பதே கிடையாது. கைதியாகக் கப்பலில் சேய்டா நீன் என்ற சின்ன ஊரில் இறங்குகிறீர்கள். ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோராவில் காயஸ் கோசேடஸ் என்பவரிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். பால்மோரா எங்கே என்று ஊர்க்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்தும் போகலாம், சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பிரம்மாண்டப் பூச்சியின் முதுகில் காசு கொடுத்தும் போகலாம்.

இந்த கேமின் குணம் முழுசாகத் தெரிவது காயஸ் கொடுக்கும் முதல் வேலையில். ஹாஸ்ஃபாட் அன்டபோலிஸ் என்பவரிடம் தகவல் வேண்டும் என்றால், பதிலுக்கு அவருக்கு ஆர்க்ன்தாண்ட் என்ற, டுவெமர் எனும் அழிந்துபோன இனத்தாரின் பாழடைந்த கட்டடத்திலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவந்து தர வேண்டும். அவர் மேப்பில் புள்ளி வைப்பதில்லை, வாயால் வழி சொல்கிறார். மூன்மாத் கோட்டைக்குப் போ, அங்கிருந்து பழைய டுவெமர் பாலத்தில் ஏறிப் பள்ளத்தாக்கைக் கட, அப்புறம் மேடேறு. கதவு சாதாரணமாகத் திறக்காது, பக்கத்துக் குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பு. இந்தச் சொற்கள் உங்கள் நாட்குறிப்பில் பதிவாகின்றன. பாலத்தின் நடுவில் நின்று கீழே கருகிய பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது, ஒருவர் சொன்ன வழியைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்ற நிறைவு வரும். அம்புக்குறி இருந்திருந்தால் அந்தப் பாலத்தை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டோம்.

பின்னால் இதே முறை இன்னும் உயரத்துக்குப் போகிறது. அவதாரக் குகையைத் தேடும்போது வழி கூட ஒரு விடுகதையாகத்தான் கிடைக்கும். கதவை நண்பகலில் தட்டினால் திறக்காது. விடியலிலும் அந்தியிலும் மட்டும் திறக்கும், ஏனென்றால் அந்த இடத்துக்குரிய தெய்வமான அஸுரா அந்த இரண்டு பொழுதுகளின் தெய்வம். கதையைக் காதில் வாங்கியவருக்கு இது புதிரே இல்லை. வசனங்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தவருக்குக் கதவு வெறும் பாறை.

குறையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. வழி சொல்பவர்களில் சிலர் அரைகுறையாகச் சொல்வார்கள். புதிர்ப்பெட்டி கையடக்கமான சின்னப் பொருள் என்பதால் இடிபாட்டுக்குள் பக்கத்தில் நின்றும் பார்க்காமல் போனவர்கள் ஏராளம். முதல் வெளியீட்டில் நாட்குறிப்பு தேதி வரிசையில் மட்டுமே ஓடியது. ஐம்பது பக்கம் புரட்டி ஒரு வரியைத் தேட வேண்டியிருந்தது. குவெஸ்ட் (கேமில் தரப்படும் வேலை) வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி ட்ரிபியூனல் விரிவாக்கத்தோடுதான் வந்தது. சண்டையில் உங்கள் கத்தி எதிரியின் உடம்பில் பட்டதுபோல் கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளே பகடை உருண்டு "படவில்லை" என்று முடிவாகலாம். புதிதாக வருபவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஓடினால் களைப்பு ஏறும், களைத்தால் அடி தவறும். ஆகவே சண்டைக்கு முன் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதன்மைத் திறனாகத் தேர்ந்த ஆயுதத்தையே கையில் வையுங்கள். இந்த இரண்டையும் செய்தால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

எல்டன் ரிங் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. 2022 பிப்ரவரியில் வெளியான இதில் வாயால் வழி சொல்பவர்கள் மிகக் குறைவு. திசையைச் சொல்வது நிலமும் எதிரியிடம் வாங்கும் அடியும்தான். லிம்கிரேவ் புல்வெளிக்குள் முதல் அடி எடுத்து வைத்ததும், பொற்கவசம் பூண்டு குதிரையில் உலவும் ட்ரீ சென்டினல் எதிரே தெரிவான். உங்களிடம் அப்போது குதிரைகூட இல்லை. நேராகப் போய் மோதினால் நாலு அடியில் கதை முடிந்தது. இதைப் பார்த்து "ஆரம்பமே அநியாயம்" என்று மூடிவைத்தவர்கள் உண்டு. எனக்கோ இது பாதையோரம் நட்ட அறிவிப்புப் பலகை போலத்தான் படுகிறது. சுற்றிப் போ, இன்னொரு நாள் வா என்று அந்தப் பலகையில் எழுதியிருக்கிறது. ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ் உங்களை நசுக்கினாலும் செய்தி அதேதான். தெற்கே பாலத்தைக் கடந்தால் வீப்பிங் பெனின்சுலா இருக்கிறது. அங்கே கொஞ்சம் வலுவேற்றிக்கொண்டு திரும்பலாம். கோட்டைக்குள் நுழையாமலே பக்கவாட்டுப் பாறை வழியாக அடுத்த நிலப்பகுதிக்கே போய்விடவும் முடியும்.

மேப்பும் அப்படித்தான். முதலில் அது வெறும் மங்கல். ஆனால் மங்கலுக்குள் சின்னக் கல்தூண் குறி ஒன்று இருக்கும். அந்தத் தூணடியில்தான் அந்தப் பகுதியின் மேப் கிடக்கிறது. ஓய்விடங்களில் சிலவற்றிலிருந்து ஒரு பொன்னிற ஒளிக்கீற்று கிளம்பிப் பிரதானக் கதை இருக்கும் பக்கம் சாயும். இவ்வளவு போதும். வழி காட்டுகிறது, ஆனால் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

தொலைந்துபோவதையே இந்த கேம் விருந்தாக்கும் இடங்கள் இரண்டு. ட்ராகன் பர்ன்ட் ரூயின்ஸ் இடிபாட்டின் நிலவறையில் ஒரு பெட்டியைத் திறந்தால் புகை கிளம்பி, கண் விழிக்கும்போது கேலிட் பகுதியின் ஒரு படிகச் சுரங்கத்தில் கிடப்பீர்கள். சுற்றிலும் உங்களுக்கு மேற்பட்ட எதிரிகள். சுரங்கத்தை விட்டு வெளியே வரும்வரை, மேப்பில் ஓர் இடத்தைத் தொட்டு உடனே அங்கே போய்விடும் வேகப் பயணமும் இல்லை. வெளியே வந்தால் வானமே சிவந்து அழுகிக் கிடக்கிறது. மிஸ்ட்வுட் காட்டில் உள்ள லிஃப்ட் வேறு ரகம். கிணறு மாதிரி இருக்கிறதே என்று ஏறினால் இறங்கிக்கொண்டே இருக்கும், இறங்கிக்கொண்டே இருக்கும், கடைசியில் பூமிக்கு அடியில் நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு வானம் விரியும். அங்கே போகச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் அது நம்முடைய கண்டுபிடிப்பாகிறது.

ஆனால் என்பிசி (கணினி இயக்கும் பாத்திரங்கள்) கதைகளில் எல்டன் ரிங் உண்மையாகவே கண்ணைக் கட்டுகிறது. நாட்குறிப்பு இல்லை. நேற்றுப் பேசியவர் இன்று அங்கே இல்லை, எங்கே போனார் என்பதற்குத் தடயமும் பல நேரம் இல்லை. நீங்கள் வேறு எங்கோ ஒரு பாஸை வென்றதால் ஒருவரின் கதை சத்தமில்லாமல் அறுந்துபோகலாம். வெளியீட்டுக்கு அடுத்த மாதமே, சந்தித்த என்பிசிகளை மேப்பில் குறிக்கும் வசதியை அப்டேட்டில் சேர்த்தார்கள். அது பாதி மருந்து. கவனமாக விளையாடியவருக்கும் கவனமில்லாதவருக்கும் ஒரே பலன் என்றால் அங்கே தேடலுக்கு மதிப்பே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மாரோவிண்ட் தெளிவாக மேலே நிற்கிறது. அங்கே கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்தது, முன்பு சேமித்த நிலைக்குத் திரும்பு என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடும்.

2019-இல் வந்த அவுட்வர்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் அல்ல. அதில் மேப் உண்டு, நீங்கள் மேப்பில் எங்கே இருக்கிறீர்கள் என்பது கிடையாது. தூரத்து மலையைப் பார்த்து, மேப்பைப் பார்த்து, நீங்களேதான் கணக்குப் போட வேண்டும். லெவல் ஏற்றமே இல்லை. தொடக்கத்தில் 150 வெள்ளி கடன், ஐந்து நாள் கெடு. தோற்றால் சாவதில்லை, கொள்ளையர் கோட்டையில் கைதியாகக் கண் விழிக்கலாம், முகம் தெரியாத யாரோ காப்பாற்றியும் விடலாம். ஆட்டோசேவ் (கேம் தானே சேமிப்பது) மட்டும்தான், பின்னால் போய்த் திருத்த முடியாது. திசையும் கஷ்டமும் இதில் ஒன்றாகவே கலந்திருக்கின்றன: வழி தப்பினால் இருட்டும், இருட்டினால் குளிரும். ஒரே திரையைப் பிரித்து இருவர் சேர்ந்து ஆடலாம் என்பது பெரிய வரம். மேப்பை ஒருவர் படிக்க, இன்னொருவர் விளக்கைப் பிடிக்க, நடை சுகமாகிவிடும். சண்டை மட்டும் கரடுமுரடு.

"இவ்வளவு எதற்கு, ஸ்கைரிமில் மார்க்கரை அணைத்துவிட்டு விளையாடினால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முயன்று பார்த்தால் தெரியும், போதாது. மாரோவிண்ட் வரிசையிலேயே பிற்பாடு, 2011-இல் ஸ்கைரிம் வந்தபோது வசனங்களே மார்க்கரை நம்பித்தான் எழுதப்பட்டன. குகைக்குப் போ என்பார்கள், குகை எந்த மலையில் என்று பல நேரம் சொல்ல மாட்டார்கள். அம்பை எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். கஷ்டத்தைக் கூட்டினாலும் இதே கதைதான். லெஜண்டரி என்ற உச்சக் கஷ்ட நிலையில் நீங்கள் தரும் அடி கால் பங்காகிறது, வாங்கும் அடி மூன்று மடங்காகிறது. எதிரி அதே எதிரி, குகை அதே குகை. அதே வரிசையில் அதற்கு முந்தைய ஆப்லிவியனில் இன்னும் மோசம்: உங்கள் லெவலோடு உலகமும் ஏறுவதால், பிற்பகுதியில் வழிப்பறிக்காரன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து சில்லறை கேட்பான். எங்கும் ஒரே அளவு ஆபத்து என்றால், ஆபத்தைப் பார்த்துத் திசை அறிய வழியில்லை. அதே 2002-இல் மாரோவிண்டோடு வந்த காத்திக் 2-இல் அப்படி இல்லை. ஊரெல்லைக் காட்டில் தவறான மரத்தடிக்குப் போனால் செத்தீர்கள். அந்தக் காட்டை ஆயுசுக்கும் மறக்க மாட்டீர்கள்.

எதை எடுப்பது? வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எல்டன் ரிங். ஓய்விடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, குறைந்த நேரத்திலும் ஏதாவது ஒன்று கையில் சிக்கும். என்பிசி கதைகளுக்கு மட்டும் வெளியே உதவி தேடுங்கள், அதில் தப்பே இல்லை. கூட ஆட ஆள் இருந்தால் அவுட்வர்ட். கை வேகம் இல்லை, ஆனால் படிக்கப் பொறுமை உண்டு என்றால் மாரோவிண்ட். என் ஓட்டு அதற்குத்தான். மூல கேமை வாங்கி ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் ஏற்றினால் இன்றைய கணினியில் நன்றாக ஓடும்.

சேய்டா நீனிலிருந்து சில்ட் ஸ்ட்ரைடர் ஏறாமல் ரோட்டோடு நடந்து போங்கள். கொஞ்ச தூரத்தில் மேலேயிருந்து ஓர் அலறல் கேட்கும், ஒரு மந்திரவாதி வானத்திலிருந்து விழுந்து உங்கள் முன்னால் செத்துக் கிடப்பார். அவர் பையில் ஒரு நாட்குறிப்பும், ஒரே தாவலில் மலை தாண்டவைக்கும் மந்திரச் சுருள்கள் மூன்றும் இருக்கும். அவற்றை எங்கே, எப்போது பயன்படுத்துவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தரையிறங்கும்போது என்ன ஆகும் என்பது அவர் கிடக்கும் கிடையிலேயே தெரிகிறது.