'ஈஸ்ட் ஆஃப் ஈடன்': அப்பாவுக்கு யார் கொடுத்தது பிடித்தது?

சென்ட்ரல் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி 150 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் செல்லோடேப், எழுத்து எறும்பு சைஸ், 600 பக்கத்துக்குப் பக்கமாக வரும். திருவொற்றியூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போகிறவன் நான். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் வண்டி சும்மா நிற்கிற நேரத்தைக் கூட்டினாலே கால்வாசி முடிந்துவிடும். அப்படியும் ஒன்றரை மாதம் இழுத்தது.

ஜான் ஸ்டீன்பெக்கின் நாவல், 1952இல் வந்தது. கலிஃபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு, இரண்டு குடும்பம். ஹாமில்டன்கள் ஸ்டீன்பெக்கின் சொந்த அம்மா வழி ஆட்கள். அயர்லாந்திலிருந்து வந்த தாத்தா சாமுவேல் ஊருக்கெல்லாம் கிணறு தோண்டுகிறார், அவர் நிலம் மட்டும் காய்ந்து கிடக்கிறது, வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ட்ராஸ்க்குகள் கற்பனைக் குடும்பம், வில்லங்கம் எல்லாம் அங்கேதான். அப்பன்காரன் சைரஸ் உள்நாட்டுப் போரில் சேர்ந்த வேகத்தில் ஒரு காலை இழந்துவிட்டு, போகாத சண்டைக்கெல்லாம் போனதாகக் கதை விட்டே வாஷிங்டன் வரை போய்ப் பெரிய ஆளாகிவிடுகிறார்.

அவருக்கு இரண்டு பையன்கள், ஆடம், சார்லஸ். அப்பா பிறந்தநாளுக்கு இளையவன் விறகு வெட்டிய காசில் நல்ல ஜெர்மன் கத்தி வாங்கிக் கொடுக்கிறான். பெரியவன் எங்கேயோ கிடைத்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அப்பா குட்டியைக் கொஞ்சுகிறார், கத்தியைத் தொடக்கூட இல்லை. அதற்காக அண்ணனைச் சாகிற அளவுக்கு அடிக்கிறான் தம்பி. கடவுள் தம்பி ஆபேலின் காணிக்கையை மட்டும் ஏற்றார் என்று அண்ணன் காயீன் அவனைக் கொன்ற பைபிள் கதைதான், தெரியும். ஆனால் எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஹார்பரில் வாங்கிய முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு ஹெச்எம்டி வாட்ச் எடுத்துக் கொடுத்தாராம். தாத்தா "எதுக்குடா வீண் செலவு" என்று பீரோவில் போட்டுவிட்டு, எங்கப்பா ஏதோ கடையில் ஓசியில் வாங்கி வந்த தினசரி காலண்டரை நடுவீட்டில் ஆணியடித்து மாட்டினாராம். நாற்பது வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் இதைச் சொல்கிறார் மனுஷன்.

அதே கணக்கு அடுத்த தலைமுறையிலும் வருகிறது. ஆடம் லெட்டூஸ் கீரையை ஐஸில் அடுக்கி ரயிலில் நியூயார்க் அனுப்பிப் பார்க்கிறார். காசிமேட்டில் ஐஸ் பெட்டியைப் பார்த்தவனுக்கு அந்த இடத்திலேயே வயிறு கலங்கும். வழியில் பனிச்சரிவு, தாமதத்துக்கு மேல் தாமதம், போய்ச் சேர்ந்தது அழுகல். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மகன் கேல், முதல் உலகப் போர் சமயத்தில் பீன்ஸ் வியாபாரம் செய்து 15,000 டாலர் சேர்த்து அப்பா முன்னால் வைக்கிறான். அப்பா என்ன செய்கிறார் என்பதை நீங்களே படியுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் லீ, ஆடம் வீட்டில் வேலைக்கு இருக்கும் சீனர். நல்ல ஆங்கிலம் தெரிந்தும் வேண்டுமென்றே உடைத்து உடைத்துப் பேசுகிறார், ஏனென்றால் அவர் வாயிலிருந்து அதைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நான் ராயபுரத்தில் பிறந்தவன் என்று ஆபீசில் தெரிந்த அன்றைக்கே "இன்னா நைனா சொல்லுங்களேன்" என்று கேட்டவர்கள் உண்டு, அதனால் லீயை எனக்கு நன்றாகவே புரிகிறது.

பாவத்தைப் பற்றிக் கடவுள் காயீனிடம் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காக, லீயின் பேச்சைக் கேட்டு வயதான சீனப் பெரியவர்கள் உட்கார்ந்து அந்தக் கதையின் மூல மொழியான எபிரேயம் கற்கிறார்கள். இரண்டு வருஷம்! ஒரு ஆங்கில பைபிள் பாவத்தை நீ 'ஆளுவாய்' என்று வாக்குக் கொடுக்கிறது, இன்னொன்று ஆளச்சொல்லிக் கட்டளை போடுகிறது, மூலத்தில் உள்ள 'திம்ஷெல்' இரண்டும் இல்லை என்பது அவர்கள் முடிவு. எங்க ஆயாவின் பழைய பைபிளை எடுத்துப் பார்த்தேன், ஆதியாகமம் 4:7, 'ஆண்டுகொள்ளுவாய்' என்றிருக்கிறது. கத்தோலிக்க நண்பன் வீட்டுப் பிரதியில் 'ஆளவேண்டும்'. லீ சொல்வது 'ஆளலாம்'. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் பேசுவது நமக்கு ஒரு விகுதியில் முடிந்துவிடுகிறது, அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு.

குறை என்றால் ஆடமின் மனைவி கேத்தி. அப்பா அம்மாவை வீட்டோடு கொளுத்திவிட்டு வந்தவள், கட்டின புருஷனைச் சுட்டுவிட்டு, பிறந்து சில நாளே ஆன இரட்டைக் குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போகிறவள். இவள் பிறவியிலேயே அரக்கி என்று ஆசிரியரே எழுதிவிடுகிறார். மனுஷன் நினைத்தால் மாறலாம் என்று அத்தனை பக்கம் பேசிவிட்டு இவளுக்கு மட்டும் அந்த 'லாம்' கிடையாதா? பின்னால் ஓரிடத்தில் தானே தயங்குகிறார், சரி, ஆனால் தயங்கினதோடு சரி. நடுநடுவே வரும் பிரசங்கங்களை நான் தள்ளித்தான் படித்தேன். ஜேம்ஸ் டீன் நடித்த 1955 படத்தைப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அதில் கடைசிப் பகுதிதான் இருக்கிறது, லீயே கிடையாது.

இன்னொரு விஷயம், பழைய பிரதி வாங்கினால் பக்கம் எண்ணி வாங்குங்கள். கேல் பணத்தை நீட்டுகிற இடத்தில் என் பிரதியில் நாலு பக்கம் காணோம். கொருக்குப்பேட்டையில் வண்டி நிற்கும்போது போனில் தேடித்தான் படித்தேன், சார்ஜ் வேறு மூணு சதவீதம்.