பூவரசு இலையில் ஒரு புள்ளி: மைக்ரோஸ்கோப்பா, டி.என்.ஏ.வா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை கிடையாது. போன ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த இலைகளில் புள்ளிகள் விழுந்தன. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கருஞ்சிவப்பு வளையம். பூஞ்சை வேலைதான். ஏற்கெனவே பெயர் உள்ளதா, புதுச் சிற்றினமா? தாவரவியல் பாடம் நடத்தும் எனக்கு அதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேட இரண்டு வழிகள்.

முதலாவது மைக்ரோஸ்கோப். இலையின் அடிப்புறத்தில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, பூஞ்சையை நீலமாக்கிக் காட்டும் லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ சாயம் ஒரு சொட்டு விட்டு ஸ்லைடில் வைத்தேன். கொத்தாகப் பழுப்புக் காம்புகள். அவற்றில் ஊசி போல நீண்ட, நிறமற்ற வித்துகள், குறுக்குச் சுவர்களோடு. வித்து உதிர்ந்த இடத்தில் தழும்பு தடித்துக் கறுத்திருந்தது. அப்படியென்றால் இது இலைப்புள்ளி உண்டாக்கும் செர்கோஸ்போரா என்ற பேரினம். தழும்பு தடிக்காமல், வித்தும் பழுப்பாக இருந்தால் சூடோசெர்கோஸ்போரா என்ற இன்னொரு பேரினத்தின் பக்கம் போக வேண்டும். அரை மணி நேரத்தில் பேரினம் வரை வந்துவிடலாம், பெரிய செலவும் இல்லை.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். மரம் மாறினால் பூஞ்சையும் வேறு என்று நம்பி, இந்தப் பேரினத்தில் மட்டும் 3000-க்கும் மேல் பெயர்கள் வைத்துவிட்டார்கள். 2003-இல் குரூஸ், பிரவுன் என்ற பூஞ்சை ஆய்வாளர்கள் இருவரும் அத்தனையையும் சலித்து 659-ஐ ஏற்றுக்கொண்டார்கள். வேறு 281 பெயர்களை வடிவத்தால் பிரிக்க முடியாமல் ‘செர்கோஸ்போரா ஏபியை’ என்ற ஒரே சிற்றினத்தோடு சேர்த்தார்கள். ஆகவே "பூவரசில் இதுவரை யாரும் சொல்லவில்லை" என்பதை மட்டும் வைத்துப் புதுப் பெயர் சூட்டுவது தவறு.

அங்கேதான் டி.என்.ஏ. தேவைப்படுகிறது. டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். என்ற பகுதியை 2012-இல் பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக முன்வைத்தார்கள். ஆனால் செர்கோஸ்போராவில் பல சிற்றினங்களுக்கு அது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆக்டின், கால்மாடுலின் என்று இன்னும் சில மரபணுக்களையும் படிக்க வேண்டும். அதற்கு முதலில் ஒற்றை வித்திலிருந்து பூஞ்சையை ஆய்வகத் தட்டில் வளர்க்க வேண்டும். செர்கோஸ்போரா மெதுவாக வளரும். என் முதல் தட்டில் மூன்றாம் நாளே வேறொரு பச்சைப் பூஞ்சை முழுக்கப் படர்ந்துவிட்டது. அதை அப்படியே டி.என்.ஏ. வரிசையைப் படிக்க (சீக்வென்ஸுக்கு) அனுப்பியிருந்தால், பூவரசின் நோய்க்குச் சம்பந்தமில்லாத ஒன்றுக்கு அழகான மரபுவழிக் கிளைப்படம் வரைந்திருப்பேன்.

சில பூஞ்சைகளுக்கு இந்த இரண்டாம் வழி இன்னும் கடினம். எண்ணூர்ப் பக்கம் இலை கறுத்திருந்தால் மூன்று சாத்தியங்கள். நிலக்கரிச் சாம்பலா, ஈரப் பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். பூச்சி கசியவிடும் இனிப்பு நீரில் வளரும் கரும்படலமும் தேய்த்தால் உரியும். மூன்றாவதான மெலியோலா என்ற கரும்பூஞ்சை அப்படி வராது, இலையைப் பற்றிக்கொண்டிருக்கும். அது உயிருள்ள இலையில் மட்டுமே வாழும், தட்டில் வளராது. அதன் மேல் நெயில் பாலிஷ் பூசி, காய்ந்ததும் படலமாக உரித்து ஸ்லைடில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே மைக்ரோஸ்கோப்புக்குத்தான் என் ஓட்டு. செர்கோஸ்போரா, கொலட்டோட்ரைக்கம் போன்ற பூஞ்சைப் பேரினங்கள் என்றால் மரபணுக்களைப் படிக்காமல் புதுப் பெயர் கூடாது என்பேன்.

எந்த வழியில் போனாலும் காய்ந்த இலையைத் தூக்கிப் போடக் கூடாது. புதுப் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், அந்தப் பெயருக்கு ஆதாரமாக ஒரு மூலமாதிரி வேண்டும்: உலர்ந்த இலை, அல்லது தட்டில் வளர்த்து, வளர்ச்சியை நிறுத்திப் பாதுகாத்த பூஞ்சை (கல்ச்சர்). வெறும் டி.என்.ஏ. வரிசை அந்த இடத்துக்கு ஆகாது. 2012 முதல் லத்தீன் விவரிப்பு கட்டாயமில்லை, ஆங்கிலம் போதும். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தின் எண் கட்டாயம். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டமும், புதிதாகக் கண்ட எதையும் அதற்கென நியமித்த காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. சிற்றினத்தின் பெயரை விட அந்த ஒரு இலைதான் எனக்குப் பெரிது. நாளைக்கு யாராவது நான் சொன்னது தப்பு என்று நிரூபிக்க வேண்டுமென்றாலும் அவர்கள் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் இலைகள் செய்தித்தாள் மடிப்பில் காய்கின்றன. தேதி, தெரு, மரம் எல்லாம் பென்சிலில் குறித்திருக்கிறேன். இரண்டாவது தட்டு சுத்தமாக வந்திருக்கிறது, பூஞ்சை இன்னும் மிளகு அளவுதான். அது வளர்வதற்குள் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் உள்ள பூவரசுகளைப் பார்த்துவிட வேண்டும். ஒரே மரத்து இலையை வைத்து எதையும் சொல்ல மாட்டேன்.